பங்கு வாங்கப் போகிறீர்களா? வாசலில் நிற்பவனிடம் ஜாக்கிரதை!

"ஷேர் மார்க்கெட்ல பணம் போட்டேன் சார். அவ்வளவும் போச்சு!"

செய்தி சேகரிக்க போலீஸ் நிலையங்களுக்குப் போனால் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் அழுகுரல் இது.

அழுகிறவர்களில் ரிட்டயர் ஆன குமாஸ்தா உண்டு. மளிகைக் கடைக்காரர் உண்டு. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைக் கொட்டிவிட்டு நிற்கும் தாயும் உண்டு.

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "எந்தக் கம்பெனி பங்கு வாங்கினீங்க?"

பலருக்குப் பதில் தெரியாது. காரணம், அவர்கள் பங்கே வாங்கவில்லை! அவர்கள் பணம் பங்குச் சந்தைப் பக்கமே போகவில்லை. வழியிலேயே ஒருவன் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பங்குச் சந்தையில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. அது வியாபாரம். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாசலில் நின்று "வாங்க சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடிக்கிறானே, அவனைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பங்கு என்றால் என்ன?

ஒரு இட்லிக் கடை. நடத்த 1 லட்ச ரூபாய் வேண்டும். 100 பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுகிறார்கள். கடையில் நூற்றில் ஒரு பங்கு ஒவ்வொருவருக்கும் சொந்தம்.

கடை நன்றாக ஓடினால் லாபத்தில் பங்கு கிடைக்கும். அதற்கு டிவிடெண்டு என்று பெயர். கடைக்கு நல்ல பெயர் வந்தால், உங்கள் ஆயிரம் ரூபாய்ப் பங்கை இன்னொருவர் 2 ஆயிரம் கொடுத்து வாங்கத் தயாராக இருப்பார். கடை ஈ ஓட்டினால் 200 ரூபாய்க்குக் கூட ஆள் வராது.

அவ்வளவுதான் விஷயம். இட்லிக் கடைக்குப் பதில் டயர் கம்பெனி, பாங்கு, மருந்துக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பங்குகளை வாங்கி விற்கும் இடம்தான் பங்குச் சந்தை.

இது வடநாட்டுக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பாரிமுனைக்குப் பக்கத்தில் செகண்ட் லைன் பீச்சில் நமக்கே ஒரு பங்குச் சந்தை இருந்தது. 1937-ல் ஆரம்பித்த அந்த மெட்ராஸ் பங்குச் சந்தை 2015-ல்தான் கதவைச் சாத்தியது. இப்போது எல்லா வியாபாரமும் மும்பையில் உள்ள இரண்டு பெரிய சந்தைகளின் கம்ப்யூட்டரில் நடக்கிறது.

முகம் இல்லாத தரகர்

அந்தக் காலத்தில் பங்கு என்பது காகிதம். கையில் சர்டிபிகேட் இருக்கும். தரகர் என்றால் அவருக்கு ஒரு ஆபீஸ் இருக்கும், பெயர்ப் பலகை இருக்கும். ஏமாற்றினால் வாசலில் போய் உட்காரலாம்.

1996-க்குப் பிறகு காகிதம் போய் "டீமேட்" கணக்கு வந்தது. பாங்கு பாஸ்புக்கில் பணம் இருப்பது போல, டீமேட் கணக்கில் பங்கு இருக்கும். இது நல்ல ஏற்பாடு. போலி சர்டிபிகேட் தொல்லை ஒழிந்தது.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2025-ல் அது 20 கோடியைத் தாண்டிவிட்டது! ஒருவரே இரண்டு, மூன்று கணக்கு வைத்திருப்பதும் இதில் அடக்கம். என்றாலும், ஐந்தே வருஷத்தில் இத்தனை புதுமுகங்கள் எந்தத் தொழிலுக்கும் வந்திருக்க மாட்டார்கள்.

புது ஆட்கள் கூட்டமாக வரும் இடத்துக்கு ஜேப்படிக்காரனும் வருவான். திருவிழாவில் பார்க்கிறோமே, அதே கதை!

கும்பல் வேலை செய்வது எப்படி?

முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் உங்களைச் சேர்ப்பார்கள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். உள்ளே 100 பேர், 150 பேர் இருப்பார்கள். "ப்ரொபசர்" என்று ஒருவர் தினமும் பாடம் நடத்துவார்.

"சார், உங்க புண்ணியத்தில் இன்னிக்கு 40 ஆயிரம் லாபம்!" என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் கும்பிடு போடுவார். அந்த 150 பேரில் நிஜமான ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் கும்பலின் ஆட்கள்.

பிறகு ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். பெரிய கம்பெனி பெயரும் படமும் அதில் இருக்கும். 10 ஆயிரம் போடுவீர்கள். திரையில் அது 14 ஆயிரமாகக் காட்டும். 2 ஆயிரம் எடுத்துப் பார்ப்பீர்கள். உடனே உங்கள் பாங்குக் கணக்குக்கு வரும்!

அந்த 2 ஆயிரம்தான் தூண்டில் புழு.

அடுத்து 1 லட்சம், 5 லட்சம் என்று போவீர்கள். பி.எப். பணம் போகும். நகை அடகுக்குப் போகும். திரையில் 60 லட்சம் என்று காட்டும். எடுக்கப் போனால், "20 சதவீதம் வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்பார்கள். அதையும் கடன் வாங்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதோடு குழு காலி, ப்ரொபசர் மாயம், ஆப் திறக்காது.

கட்டிய பணம் யார் கணக்குக்குப் போனது என்று பார்த்தால், அது எங்கோ ஒரு கூலித் தொழிலாளி பெயரில் இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்டவர் அவர். கடைசியில் போலீஸ் கையில் முதலில் சிக்குவதும் அவர்தான்.

ஒரு சின்னக் கணக்கு

"மாசம் 10 சதவீதம் கியாரண்டி" என்று ஒருவன் சொல்கிறான். பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

1 லட்சம் போட்டு, வருகிற லாபத்தை எடுக்காமல் விட்டால் ஒரு வருஷத்தில் 3 லட்சத்துக்கு மேல். மூன்று வருஷத்தில் சுமார் 30 லட்சம். ஐந்து வருஷத்தில் 3 கோடி!

இந்த வித்தை தெரிந்தவன் தன் வீட்டுப் பாத்திரத்தை விற்றாவது 1 லட்சம் புரட்டி, ஐந்து வருஷத்தில் கோடீஸ்வரன் ஆகியிருப்பானே! உங்களுக்கு ஏன் ராத்திரி 11 மணிக்குப் போன் பண்ணுகிறான்?

2022-ல் ஆருத்ரா நிதி நிறுவன வழக்கை சென்னை மறந்திருக்காது. மாதம் 30 சதவீதம் என்ற பேச்சை நம்பி சுமார் 1 லட்சம் பேர் 2 ஆயிரத்து 400 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள் என்பது போலீசார் பதிவு செய்த வழக்கு. அது பங்குச் சந்தை அல்ல. ஆனால் ஆசை காட்டும் வார்த்தை ஒன்றுதான்.

பங்குச் சந்தையில் யாரும் லாபத்துக்கு கியாரண்டி கொடுக்க முடியாது. கொடுப்பதாகச் சொல்வதே சந்தையைக் கண்காணிக்கும் "செபி" அமைப்பின் விதிக்கு விரோதம். ஆகவே "கியாரண்டி" என்ற சொல் காதில் விழுந்தால் போனை வைத்துவிடுங்கள்.

மூன்று சோதனை

மோசடியைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று சோதனை போதும்.

ஒன்று: பணம் யார் பெயருக்குப் போகிறது? செபியில் பதிவு பெற்ற தரகு நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு என்டர்பிரைசஸ், தனி ஆள் பெயர் என்று வந்தால் அது திருட்டு. சந்தேகமே வேண்டாம். 2025 அக்டோபர் முதல் செபி ஒரு வசதி செய்திருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனங்களின் யு.பி.ஐ. முகவரியில் "வேலிட்" என்ற சொல் இருக்கும். அதைப் பார்த்துப் பணம் போடுங்கள்.

இரண்டு: புதுப் பங்கு வெளியீட்டுக்குப் பணம் எங்கே இருக்கிறது? புதுப் பங்குக்கு மனு போட்டால், பங்கு ஒதுக்கும் வரை பணம் உங்கள் பாங்குக் கணக்கிலேயே இருக்கும். முடக்கி வைப்பார்களே தவிர எடுக்க மாட்டார்கள். "என் கணக்குக்கு அனுப்புங்க, நான் அலாட்மென்ட் வாங்கித் தர்றேன்" என்கிறவன் யாராக இருந்தாலும் டூப்.

மூன்று: பணத்தை எடுக்க முன்கூட்டியே வரி கேட்கிறார்களா? பங்கு விற்ற லாபத்துக்கு வரி உண்டு. அதை வருமான வரிக் கணக்கில் நீங்கள் கட்டுவீர்கள். ஆப்காரனிடம் கட்டும் வழக்கம் எங்கும் இல்லை.

பக்கத்து அறை

சரி, ஒழுங்கான தரகரிடம் கணக்கு தொடங்கிவிட்டீர்கள். ஆபத்து தீர்ந்ததா? இல்லை!

உள்ளே நுழைந்ததும் பக்கத்திலேயே இன்னொரு அறை இருக்கிறது. அதற்கு "எப் அண்டு ஓ" என்று பெயர். அங்கே பங்கு வாங்குவது கிடையாது. இன்ன நாளுக்குள் விலை ஏறுமா, இறங்குமா என்று ஒப்பந்தம் போடுவது. பெரிய நிறுவனங்கள் நஷ்டத்துக்கு அணை போட வந்த ஏற்பாடு அது. சாதாரண ஆட்கள் கையில் அது சீட்டாட்டம் ஆகிவிட்டது.

இதை நாம் சொல்லவில்லை. செபியின் கணக்கே சொல்கிறது. 2024-25 நிதி ஆண்டில் இந்த ஆட்டம் ஆடிய தனி நபர்களில் 100-க்கு 91 பேருக்கு நஷ்டம்! மொத்த நஷ்டம் 1 லட்சத்து 5 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்தார்கள். கூலிக்காரன் குடும்பம் பிழைத்தது என்று சந்தோஷப்பட்டோம். இப்போது செல்போனுக்குள் அதைவிடப் பெரிய ஆட்டம் வந்திருக்கிறது. ஆபீசில் பைலுக்கு அடியிலும், மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டும் ஆடுகிறார்கள்.

புதுசாக வருகிறவர் அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. தரகர் "ஆக்டிவேட் பண்ணட்டுமா சார்?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளுங்கள்.

நிஜப் பங்கும் கவிழும்

நல்ல பங்காக வாங்கினால் நஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் அதுவும் பொய்.

2008 ஜனவரியில் மும்பைச் சந்தையின் அளவுகோலான சென்செக்ஸ் 21 ஆயிரத்தைத் தொட்டது. அதே வருஷம் அக்டோபரில் ஒரு கட்டத்தில் 8 ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. மறுபடி 21 ஆயிரத்தைப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. காத்திருந்தவர் தப்பினார். அவசரத் தேவைக்கு நடுவில் விற்றவர் தலையில் துண்டு!

2020 மார்ச் 23-ந் தேதி, கொரோனா நேரம். ஒரே நாளில் சென்செக்ஸ் 3 ஆயிரத்து 934 புள்ளி விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டி விட்டது. அங்கேயும் கதை அதேதான்.

ஆனால் எல்லாக் கம்பெனியும் எழுந்து வராது. ஹைதராபாத் சத்யம் கம்பெனியைப் பாருங்கள். 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கியது. 2009 ஜனவரி 7-ந் தேதி, கணக்கில் காட்டிய பணம் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். சுமார் 180 ரூபாயில் இருந்த பங்கு அன்று ஒரே நாளில் 40 ரூபாய்க்கு வந்தது.

100 ரூபாய் 50 ஆனால் பாதி நஷ்டம். அந்த 50 மறுபடி 100 ஆக இரட்டிப்பு ஆக வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது கஷ்டம். இதை மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாங்கு கவிழ்ந்தால் 5 லட்சம் வரை டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. பங்கு விலை இறங்கினால் யாரும் ஒரு பைசா தர மாட்டார்கள்.

எந்தப் பணம் போடலாம்?

வட்டிக்கு வாங்கிய பணம் கூடாது. நகை அடகுப் பணம் கூடவே கூடாது. அடுத்த வருஷம் பீஸ் கட்டவேண்டிய பணம், கல்யாணத்துக்கு வைத்த பணம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒதுக்கிய பணம் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது.

முதலில் ஆறு மாசம் வீட்டுச் செலவுக்கு ஆகும் பணம் பாங்கில் இருக்கட்டும். கடன் அடையட்டும். அதற்கு மேல் மிஞ்சுவது, ஐந்து வருஷம், ஏழு வருஷம் தொடத் தேவையில்லாதது எதுவோ அதுதான் பங்குக்கான பணம்.

கம்பெனிக் கணக்கு படிக்கத் தெரியாதவருக்கு மியூச்சுவல் பண்டு இருக்கிறது. மாசம் 500 ரூபாய் கூடப் போடலாம். அதிலும் "இன்டெக்ஸ் பண்டு" என்பது நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைக்கிறது. செலவு குறைவு. ஒரு கம்பெனி கவிழ்ந்தாலும் மொத்தமும் போகாது. அதுவும் ஏறி இறங்கும். ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

"இந்தப் பங்கு 3 ரூபாதான் சார், 30 ஆகப் போகுது" என்று டிப்ஸ் கொடுப்பவனிடம் உஷார்! விலை குறைவு என்பதால் மலிவு என்று அர்த்தம் இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எப். கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூன் 13-ந் தேதி 1 லட்ச ரூபாயைத் தொட்டது. அதனால் அது கொள்ளை விலை என்றும் சொல்ல முடியாது, நிச்சயம் லாபம் என்றும் சொல்ல முடியாது. கம்பெனி எவ்வளவு சம்பாதிக்கிறது, அந்தச் சம்பாத்தியத்துக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அழுகின தக்காளியை அரை விலைக்கு வாங்கி என்ன பிரயோஜனம்?

டிப்ஸ் கொடுப்பவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பான். நீங்கள் வாங்கும்போதுதான் அவன் விற்பான்.

வாங்கிய பிறகும் கண் திறந்திருக்க வேண்டும். 2019-ல் கார்வி என்ற பெரிய தரகு நிறுவனம் வாடிக்கையாளர் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியதாக செபி தடை போட்டதே! டீமேட் கணக்கில் இருந்து எஸ்.எம்.எஸ். வந்தால் படியுங்கள். மாசாமாசம் வரும் ஸ்டேட்மென்டைத் திறந்து பாருங்கள்.

வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ விவரம் சொல்லி, நாமினி பெயரைப் பதிவு செய்யுங்கள். ஏழு வருஷம் டிவிடெண்டு வாங்க ஆள் இல்லாவிட்டால் பங்கு மத்திய அரசின் நிதிக்குப் போய்விடும். அதை மீட்க வாரிசுகள் நாயாய் அலைய வேண்டும்.

போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

ஜனங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதுமா? போதாது.

பணம் போனவர் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறார். "இது சைபர் கேஸ், அங்கே போங்க" என்கிறார்கள். அங்கே போனால், "உங்க ஏரியா எங்க லிமிட் இல்லை" என்கிறார்கள். அவர் பஸ் பிடித்து அலையும் அந்த நேரத்தில் பணம் பத்துக் கணக்குக்குத் தாவிவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். "லிமிட் இல்லை" என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. மேலதிகாரிகள் இதை ஒவ்வொரு ஸ்டேஷன் ரைட்டருக்கும் உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

பாங்குகளும் கை கழுவ முடியாது. கூலி வேலை செய்பவர் கணக்கில் ஒரே நாளில் 30 லட்சம் வந்து, ஒரு மணி நேரத்தில் வெளியே போகிறது. பென்ஷன் கணக்கில் கையெழுத்து கொஞ்சம் மாறினால் ஆயிரம் கேள்வி கேட்கும் மானேஜர், இதை மட்டும் கேட்காமல் விடுவது எப்படி?

பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கலாம். வட்டி, கூட்டு வட்டி கணக்குப் போட வைக்கிறார்கள். "மாசம் 10 சதவீதம் தருகிறேன் என்பவன் யார்?" என்று ஒரு கேள்வியும் கேட்டால் பிள்ளைகள் வீட்டில் போய் அப்பாவைக் காப்பாற்றும்.

"ஷேரா? அது சூதாட்டம், அந்தப் பக்கமே போகாதே" என்று பெரியவர்கள் வாயை அடைப்பதாலும் பயன் இல்லை. விஷயம் தெரியாதவன்தான் வாட்ஸ்அப் ப்ரொபசருக்குச் சுலபமாகச் சிக்குகிறான். இட்லிக் கடைக் கணக்குப் புரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம்.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தைப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

இன்னும் ஏமாறாதவர்களுக்கு ஒரே வார்த்தை. பங்கு வாங்குங்கள், வாங்காமல் இருங்கள். அது உங்கள் இஷ்டம். பணம் அனுப்பும் பட்டனை அமுக்கும் முன் திரையில் தெரியும் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

அந்தப் பெயர் யாருடையது என்று தெரியவில்லையா? கையை எடுத்துவிடுங்கள்!